பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு: திருச்சியா, சென்னையா, கப்பலா, கொழும்பு வழியா?

போன மாதம் மட்டும் மூன்று பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் தெல்லிப்பழைக்காரர், மகளின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறார். இன்னொருவர் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மூன்றாமவர் டொரொண்டோவிலிருந்து ஊருக்கு வருகிறார், வரும் வழியில் தஞ்சாவூரையும் பார்த்துவிட விருப்பம். மூன்று பேரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: “எது கிட்ட?”

வான்வழியில் கிட்ட இருப்பது திருச்சி. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து நேர்கோடு போட்டால் சுமார் 185 கிலோமீட்டர்தான். சென்னை சுமார் 355 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் இந்தக் கணக்கை வைத்து டிக்கெட் எடுத்தால், மூன்று பேரில் ஒருவர் இரண்டரை மணி நேரத்தைத் தெருவிலேயே தொலைப்பார். அந்த ஒருவர் நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

## எதை வைத்து அளப்பது

நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

முதலாவது, வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஆகும் நேரம். விமானம் பறக்கும் நேரம் அதில் ஒரு சிறு துண்டு. இரண்டாவது, பொதி: எத்தனை கிலோ, போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு. மூன்றாவது, அன்றைய பயணம் குழம்பினால் அடுத்த வழி என்ன என்பது. நான்காவது, டிக்கெட் விலையில் தெரியாத செலவு. ஐந்தாவது, கூட வருபவர் யார்: முழங்கால் வலியுள்ள அம்மாவா, கைக்குழந்தையா, அல்லது தோளில் ஒரு பையோடு போகும் இளவட்டமா.

விசா இதற்கெல்லாம் முந்தியது. அது இல்லாமல் எந்த வழியும் இல்லை. இந்திய இ-விசாவில் எந்த எந்த இடம் வழியாக நுழையலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. சென்னை விமான நிலையமும் திருச்சி விமான நிலையமும் அதில் இருக்கின்றன. கப்பலில் போக நினைப்பவர்கள், விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பட்டியலின் துறைமுகப் பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு அப்புறம் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு கட்டுங்கள்.

## 185 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

| வழி | நேர்கோட்டுத் தூரம் (சுமார்) | பயண நேரம் (சுமார்) |
|---|---|---|
| பலாலி – திருச்சி | 185 கி.மீ. | 1 மணி |
| பலாலி – சென்னை | 355 கி.மீ. | 1 மணி 15 நிமிடம் |
| கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – திருச்சி | 420 கி.மீ. | 1 மணி |
| கட்டுநாயக்க – சென்னை | 645 கி.மீ. | 1 மணி 20 நிமிடம் |
| காங்கேசன்துறை – நாகப்பட்டினம் (கப்பல்) | 110 கி.மீ. | 4 மணி |

முதல் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்துப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்குக்கு மேல், நேரம் ஒன்றுதான்.

காரணம் விமானத்தின் வகை. பலாலியின் ஓடுபாதைக்கு இப்போதைக்குப் பொருந்துவது ஏடிஆர் 72 போன்ற, விசிறி பூட்டிய சிறிய விமானம். அது நடுவானில் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கட்டுநாயக்கவிலிருந்து போவது ஜெட், வேகம் அதைவிட நிறையக் கூட.

ஆனால் வேகம் பாதிக் காரணம்தான். 185 கிலோமீட்டரை 500 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 22 நிமிடம் போதுமே? டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒரு மணி நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறுபக்கத்தில் போய் நிற்பது வரைக்குமான நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், கிளம்பி மேலே ஏற வேண்டும், அந்த ஏற்றத்தில் வேகம் குறைவு. ஏறி முடிந்து சமமாகப் பறக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இறங்கவும் தொடங்கிவிட வேண்டும். இறங்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கேற்ப ஓடுபாதையின் சரியான முனைக்குச் சுற்றி வர வேண்டும். இந்த ஏற்றமும் இறக்கமும் ஊர்தலும் எவ்வளவு சின்னப் பயணமானாலும் உண்டு. அதனால்தான் சென்னைக்கு 170 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் டிக்கெட்டில் ஏறுவது 15 நிமிடம் மட்டும்.

திருச்சிக்கு நேர்கோட்டில் போவதாக வைத்தால், பாக்கு நீரிணையைத் தாண்டி அதிராம்பட்டினம் பக்கமாகக் கரையேறி, பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போக வேண்டும். பகல் விமானத்தில் வானம் தெளிந்திருந்தால் கடல் முடிந்து சதுப்பும் வயலும் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஐம்பது வருடமாக இந்த இரண்டு கரையிலும் சொந்தம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சில நிமிடம் சாதாரணமானது அல்ல.

இன்னொன்று. இலங்கை நேரமும் இந்திய நேரமும் 2006 ஏப்ரலிலிருந்து ஒன்றுதான். ஆகவே டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்த்தால் பயண நேரம் கிடைத்துவிடும். டொரொண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவர்கள் இதில் அடிக்கடி குழம்புகிறார்கள்.

## வாசலிலிருந்து வாசல்

இனி எனக்கு முக்கியமான அட்டவணை. யாழ்ப்பாண நகரத்திலிருந்து கிளம்புவதாக வைத்திருக்கிறேன். பலாலிக்கும் காங்கேசன்துறைக்கும் 40 நிமிடம். அங்கே 2 மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது. இறங்கிய இடத்தில் குடிவரவு, பெட்டி எல்லாம் முடித்து வெளியே வர 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். கொழும்பு வழிக்கு, கட்டுநாயக்க வரை இரவு பஸ் எட்டரை மணி நேரம், அங்கே 3 மணி நேரம் முன்னதாக. மதுரைக்கும் கொழும்பிலிருந்து நேர் விமானம் உண்டு என்பதால் அந்த வரிக்கு அதையே எடுத்திருக்கிறேன். இறங்கியதும் வாகனம் தயாராக இருக்கிறது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

| போகும் இடம் | திருச்சி விமானம் | சென்னை விமானம் | கப்பல் | கொழும்பு வழி |
|---|---|---|---|---|
| தஞ்சாவூர் | 6 மணி | 11–12 மணி | 10 மணி | 15 மணி |
| மதுரை | 7 மணி | 13 மணி | 12–13 மணி | 14 மணி |
| வேளாங்கண்ணி | 8 மணி | 12 மணி | 8 மணி | 17 மணி |
| வேலூர் | 10–11 மணி | 8 மணி | 14 மணி | 17 மணி |
| சென்னை தி.நகர் | 11 மணி | 5–6 மணி | 15 மணி | 14–15 மணி |

தஞ்சாவூருக்கும் தி.நகருக்கும் இடையில் எப்படித் தலைகீழாகிறது பாருங்கள். ஒன்றுக்கு ஆறு மணி நேரமாக இருக்கும் திருச்சி வழி, மற்றதுக்குப் பதினொன்று. அந்த ஐந்து மணி நேர வித்தியாசத்துக்கும் விமானத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, எல்லாம் இறங்கிய பிறகு தரையில் போவது.

வேளாங்கண்ணி வரி என்னையே யோசிக்க வைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி 12 கிலோமீட்டர்தான். கப்பல்தான் வெல்லும் என்று நினைத்துக் கூட்டினேன். திருச்சியில் இறங்கி 150 கிலோமீட்டர் காரில் போனாலும் அதே எட்டு மணி நேரம். ஆகவே கப்பலை நேரத்துக்காகத் தேர்ந்தெடுக்க ஒரு ஊரும் இல்லை. வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

## பலாலி – திருச்சி

இது புதிய சேவை என்று பலரும் சொல்கிறார்கள். இண்டிகோ தொடங்கியது 2025 மார்ச் 30இல் என்பது சரி. ஆனால் ஏர் சிலோன் விமானங்கள் 1940களிலேயே இங்கிருந்து திருச்சிக்குப் போய் வந்திருக்கின்றன. எங்கள் பெரியவர்கள் திருச்சியைப் பக்கத்து ஊர் போலப் பேசுவது அதனாலும்தான்.

நேரம். தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை, புதுக்கோட்டை, ராமேஸ்வரம், வேளாங்கண்ணி எதற்கும் இதுதான் முதல் தெரிவு. திருச்சி விமான நிலையம் ஊரோடு ஒட்டி இருக்கிறது; மத்திய பேருந்து நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர். 2024 ஜூனிலிருந்து புதிய முனையம் இயங்குவதால் இடம் தாராளம். ஒன்றைக் கவனியுங்கள்: 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்தபின் வெளியூர் பஸ்களில் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பழைய நினைப்பில் மத்திய பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பிடிக்காமல், எந்த ஊருக்கு எங்கிருந்து பஸ் என்று இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொதி. ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. பெரிய விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சக்கரப் பெட்டி இதில் ஏறாது, படியடியிலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். மருந்து, நகை, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் தனியாக ஒரு துணிப்பையில் வைத்திருங்கள். கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் காசு கட்டுவதைவிட முன்கூட்டியே இணையத்தில் வாங்குவது எப்போதும் மலிவு.

குழம்பினால். இதுதான் இந்த வழியின் பலவீனம். ஒரு நாளில் ஒரு விமானம். அது நின்றால் அடுத்தது மறுநாள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு, அதைப் பிடித்தால் அப்புறம் இரவு பஸ்ஸில் எட்டு ஒன்பது மணி நேரம். ஆகவே திரும்பி வரும் மறுநாளே வேலைக்கோ பரீட்சைக்கோ போக வேண்டியவர்கள் ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். டிக்கெட் எடுக்குமுன் நீங்கள் போகும் கிழமையில் சேவை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கால, குளிர்கால அட்டவணைகள் மாறும்போது நேரமும் நாளும் மாறும்.

மறைந்த செலவு. கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை. தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு இரவு தங்கல் செலவு இல்லை. சாப்பாடு ஒரு வேளை. டிக்கெட் சென்னையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும், நான்கு பேர் கொண்ட குடும்பம் சென்னையிலிருந்து தஞ்சாவூர் வரை கார் பிடிக்கும் காசை நினைத்தால் அது ஒன்றுமில்லை.

கூட வருபவர். வயதானவர்களுக்கு ஏடிஆர் நல்லது. ஏறுவது பின்பக்கக் கதவால், சில படிகள்தான். வரிசைக்கு இரண்டு இரண்டு இருக்கை, நடு இருக்கை என்று ஒன்று கிடையாது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். சத்தமும் ஆட்டமும் ஜெட்டைவிடக் கூட, மழை நாளில் நன்றாகவே குலுக்கும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும்.

## பலாலி – சென்னை

1947 டிசெம்பர் 10இல் ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குத்தான் போனது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இந்தப் பலாலியைத்தான். நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்த இடம், 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் நின்ற சேவை 2022 டிசெம்பரில் அலையன்ஸ் ஏருடன் திரும்பியது; 2024 செப்டெம்பர் 1இல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது.

நேரம். சென்னைக்குள்ளே வேலை என்றால் வேறு யோசனையே வேண்டாம். காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை, திருப்பதி போகிறவர்களுக்கும் இதுதான். வெளியே வந்ததும் மெட்ரோ உண்டு, சாலையைக் கடந்தால் திரிசூலம் புறநகர் ரயில்.

தெற்கே போகிறவர்கள் சென்னையில் இறங்கியே தீர வேண்டிய நிலை வந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெற்கே போகும் ரயில்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நின்று போகின்றன. விமான நிலையத்திலிருந்து எழும்பூர் வரை வடக்கே போய்த் திரும்பி அதே வழியால் வருவது வீண் அலைச்சல். தெற்கு மாவட்டப் பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து போகின்றன, அதுவும் விமான நிலையத்துக்குத் தெற்கேதான். இது தெரியாமல் நான் ஒருமுறை எழும்பூரில் ரயில் பிடிக்க இரண்டு மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டேன். பெட்டி வந்து சேர்ந்ததே முக்கால் மணி நேரம் கழித்து. மாலைக் கூட்டத்தில் மெட்ரோவில் ஏறி எழும்பூர் போனபோது ரயில் போய்விட்டது. அம்மா நடைமேடை வாங்கில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தா. அன்றிலிருந்து நான் இணைப்பு ரயிலுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்து இடைவெளி விடுவதில்லை, ஏறுவதும் தாம்பரத்தில்தான்.

பொதி. அதே வகைச் சிறிய விமானம், அதே கட்டுப்பாடு. சேலை எடுக்கப் போகிறவர்கள் கவனியுங்கள்: பட்டுச் சேலை பார்க்கத்தான் லேசு, ஜரிகையோடு பத்துப் பதினைந்து சேர்ந்தால் பெட்டி எடை கைமீறிவிடும். திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் கூடுதல் எடை வாங்கலாம், போகும்போது வாங்க வேண்டியதில்லை.

குழம்பினால். இங்கே சென்னை பலமானது. பலாலி விமானம் நின்றால், சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரு நாளில் பல விமானம். பணம் போகும், ஆனால் நாடு திரும்பிவிடலாம்.

மறைந்த செலவு. தங்குமிடம். சென்னையில் இறங்கி மறுநாள் காலைதான் தெற்கே போகலாம் என்றால் ஒரு இரவு அறை வாடகை, போக வர வண்டி, இரண்டு வேளைச் சாப்பாடு. இதைச் சேர்க்காமல்தான் பலரும் “சென்னை டிக்கெட் மலிவு” என்று எடுக்கிறார்கள்.

கூட வருபவர். ஏறும் இடம் அதே சிறிய பலாலி. இறங்கும் இடம் மிகப் பெரியது. நடை அதிகம். நடக்க முடிகிறவராக இருந்தாலும் அறுபத்தைந்து எழுபதைத் தாண்டியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை.

## காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல்

2023 ஒக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கியது, சில நாளில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி வந்தது. அந்த வருடக் கடைசி மழைக்காலத்தில் நிறுத்தி, 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றிலேயே இதன் குணம் தெரிகிறது: வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் பாக்கு நீரிணை கொந்தளிக்கும், கப்பல் நிற்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை கப்பலை நம்பித் திட்டம் போடவே வேண்டாம். கார்த்திகை மாதத்தில் கலியாணமோ திவசமோ இருந்தால் விமானத்தைப் பாருங்கள். மற்ற மாதங்களிலும் வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதில்லை.

அப்படியென்றால் யாருக்கு? கனமான, விலை குறைந்த சாமான் கொண்டுவருகிறவர்களுக்கு. கும்பகோணத்தில் ஒரு சோடி ஐந்தடிக் குத்துவிளக்கு வாங்கினால் அதை விமானத்தில் கொண்டுவரும் செலவு விளக்கின் விலையை நெருங்கும். கப்பலில் கூடுதல் பொதிக்குக் கட்டணம் கட்டிக் கொண்டுவரலாம். இலவச எடை எவ்வளவு என்பது சேவை தொடங்கியதிலிருந்து மாறியிருக்கிறது, அதனால் போன வருடம் போய்வந்தவர் சொன்னதை வைத்துக் கட்டாமல் டிக்கெட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சுங்க வரி தனி.

விமானத்துக்குப் பயந்தவர்களுக்கும் இது ஒரு வழி. ஆனால் நான்கு மணி நேரம் அலையில். குமட்டல் வரும் உடம்பு என்றால் மருந்தைக் கிளம்ப முன்பே போட வேண்டும், கடலில் போட்டுப் பயனில்லை. புதிதாக அறுவைச் சிகிச்சை செய்தவர்களையும் கர்ப்பிணிகளையும் நான் இதில் கூட்டிப்போக மாட்டேன்.

காங்கேசன்துறை வரை ரயில் பாதை உண்டு, நாகப்பட்டினத்திலும் ரயில் நிலையம் துறைமுகத்துக்குப் பக்கம். வாகனச் செலவு இரண்டு பக்கமும் குறைவு.

## கொழும்பு வழி

யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். வடக்கிலிருந்து இன்னும் பலர் பழக்கத்தில் இதையே எடுக்கிறார்கள். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், அதே தூரத்தை வானத்தில் வடக்கே திரும்பி வருவது இது. விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், இரவு பஸ், வழியில் சாப்பாடு, கட்டுநாயக்கவில் காத்திருப்பு, திரும்பி வரும்போது அதே இரவு பஸ் மறுபடி என்று கூட்டினால் மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு இரவு உறக்கமும் போகும்.

ஆனாலும் சிலருக்கு இதுதான் சரி. பொதி அதிகமானவர்களுக்கு ஜெட்டில் இடம் தாராளம். விமானங்கள் அதிகம் என்பதால் நாளையே போக வேண்டும் என்றால் இங்கேதான் இருக்கை கிடைக்கும். கோயம்புத்தூர், கேரளா, பெங்களூர் என்று போகிறவர்களும் கணக்குப் பார்க்கலாம்.

எந்த ஊர் வரை பலாலி, எந்த ஊருக்குப் பிறகு கட்டுநாயக்க? கிளிநொச்சி, முல்லைத்தீவு தயங்காமல் பலாலி. வவுனியாவிலிருந்து பலாலி மூன்று மணி நேரம், கட்டுநாயக்க ஐந்து மணி நேரம், ஆகவே அங்கேயும் பலாலிதான். வவுனியாவுக்குத் தெற்கே போகப் போக இது மாறிவிடும். மட்டக்களப்பு, மலையகம் பக்கத்தவர்கள் பலாலியை நினைக்க வேண்டியதில்லை.

## அந்த மூன்று பேருக்கும் நான் சொன்னது

வேலூருக்குப் போகிறவருக்குச் சென்னை விமானம். அவர் திருச்சிதான் கிட்ட என்று முடிவுகட்டியிருந்தார். விமானத்தில் மிச்சமாகும் கால் மணி நேரத்துக்காக அம்மாவை ஆறு மணி நேரம் காரில் உட்கார வைப்பது நியாயமில்லை. சென்னையிலிருந்து மூன்று மணி நேரம்தான். திரும்பி வரும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுக்கவும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் “இன்னும் மூன்று நாள் கழித்து வாருங்கள்” என்று சொன்னால் மலிவு டிக்கெட் முழுக்க வீணாகிவிடும்.

தெல்லிப்பழைக்காரருக்கு முதலில் ஒரு கேள்வி: காஞ்சிபுரம் பட்டா, கும்பகோணம் பக்கத்துத் திருபுவனம் பட்டா? காஞ்சிபுரம் என்றால் சென்னை. திருபுவனம் என்றால் திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர் வழியாகக் காரில். இரண்டும் இல்லை, நல்ல கடையாக இருந்தால் போதும் என்றார். சரி, அப்படியானால் திருச்சி என்.எஸ்.பி. ரோடு போதும் என்றேன். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் துணி, நகை, பாத்திரம் எல்லாம் கிடைக்கும், சென்னை நெரிசலும் இல்லை. அவர் வீடு பலாலிக்குப் பத்து நிமிடத் தூரம் வேறு. போகும்போது பெட்டியைப் பாதி காலியாகக் கொண்டுபோகச் சொன்னேன். உறவினருக்கு என்று பனங்கற்கண்டும் புழுக்கொடியலும் பருத்தித்துறை வடையும் கட்டிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அந்த இடம் திரும்பும்போது சேலைக்கு.

டொரொண்டோக்காரரின் கதைதான் சிக்கலானது. அவர் கனடாவிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுக்க இருந்தார். தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து வெளியே வந்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்கு இந்திய விசா இருந்தாக வேண்டும், ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அதோடு கனடாவிலிருந்து இரண்டு பெரிய பெட்டி கொண்டுவர அனுமதி இருக்கும், சென்னை – பலாலி டிக்கெட்டில் அது இருக்காது. அந்த வித்தியாசத்துக்குச் சென்னையில் காசு கட்ட வேண்டும்.

தஞ்சாவூர் பார்க்க ஆசைப்படுகிறார் என்பதால் அவருக்கு எப்படியும் இந்திய விசா வேண்டும். ஆகவே சென்னையில் இறங்கி ஒரு இரவு தங்கி, காலை தாம்பரத்தில் ரயில் ஏறித் தஞ்சாவூர், அங்கே இரண்டு நாள், பிறகு திருச்சியிலிருந்து பலாலி என்று போட்டுக் கொடுத்தேன். ஒரே திசையில் போய்க்கொண்டே இருப்பார், வந்த வழியில் திரும்ப வேண்டியதில்லை. பெட்டியைக் குறைக்க மட்டும் அவர் மனைவி சம்மதிக்கவில்லை. இப்போது திருச்சி விமானத்துக்கு முன்கூட்டியே கூடுதல் எடை வாங்கிவிட்டார்கள்.